மேற்கு வெயில்

காற்றாடி நிற்கவில்லை. இரண்டாமாண்டு மாணவி ஜாஸ்மி விரலை நீட்டியபடி நின்றாள். அட்டையில் வெட்டி ஒட்டிய காற்றாடியின் இறக்கை அவளுடைய நகத்தில் டப் டப்பென்று தட்டிக்கொண்டே சுற்றியது. வகுப்பு முழுவதும் சிரித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜினிஷாவும் ஒரு நொடி சேர்ந்து சிரித்தாள்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எட்டு வருடமாக எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறாள் அவள். உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு என்று மூன்று சொற்களைப் பலகையில் எழுதி நடுவில் அம்புக்குறி போட்டுவிட்டு இந்தக் காற்றாடியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது அவளுடைய வழக்கம். ஒரு பக்கம் சின்ன லேசர் விளக்கு. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் சின்னப் பொட்டு போன்ற ஒரு பாகம். அதற்குக் கண் என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க ஒரு ஆர்டுயினோ போர்டு. லேசர் ஒளி கண்ணில் விழுந்துகொண்டிருக்கும்வரை காற்றாடி சுற்றும். இடையில் விரல் வந்தால் ஒளி மறையும். உடனே போர்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். கண்ணுக்கு விரல் என்றால் என்னவென்று தெரியாது, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும் என்று வருடா வருடம் சொல்வாள். அன்றைக்கும் அதைச் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜாஸ்மியை நகரச் சொல்லிவிட்டு ஜினிஷா தன் உள்ளங்கையாலேயே லேசரை முழுதாக மூடினாள். காற்றாடி சுற்றியது. வயர் விட்டுப்போயிருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மடிக்கணினியில் கண் அனுப்பும் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கையை வைத்தால் முந்நூறுக்குக் கீழே விழவேண்டிய எண் தொள்ளாயிரத்துக்கு மேலேயே நின்றது. அப்போதுதான் மேசையைப் பார்த்தாள். ஆய்வகத்தின் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக இறங்கி, நேராக அந்தக் கண்ணின்மேல் விழுந்திருந்தது. ஜாஸ்மியை லேசரை மூடிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்தாள். காற்றாடி நின்றது. திரையை விலக்கினாள். சுற்றியது.

மணி மூன்று இருபது. திரையை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

திருவட்டாறு தாண்டி சத்தியராஜ் என்பவருடைய ரப்பர் தோட்டத்தில் ஒரு ஷெட் இருக்கிறது. காலையில் எடுக்கிற பாலை ஆசிட் கலந்து தட்டுகளில் உறைய வைத்து, பிற்பகலில் அந்த வெள்ளைப் பாளங்களை இரும்பு ரோலருக்குள் கொடுத்து ஷீட்டாக்குவார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த ரோலர் செல்லத்தாய் என்ற பெண்ணின் இடது கையில் இரண்டு விரல்களை முதல் கணுவரைக்கும் எடுத்துவிட்டது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகும் அதே மிஷினில்தான் செல்லத்தாய் வேலை பார்த்தாள். போன வருடம் ஜினிஷாவின் மாணவர்கள் மூன்று பேர் புராஜெக்ட்டுக்குப் பொருள் தேடியபோது, அவர்களில் ஒருவனுக்குச் செல்லத்தாய் பக்கத்து வீடு. அப்படித்தான் அது தொடங்கியது. காற்றாடிக்குப் பதில் ரோலர். விரலுக்குப் பதில் செல்லத்தாயின் கை. ரோலரின் வாய்க்கு முன்னால் மேற்குத் தூணில் லேசர், கிழக்குத் தூணில் கண். கை உள்ளே போனால் ரிலே என்ற சுவிட்ச் விழுந்து மோட்டார் நிற்கும். கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. ஜூலை மாதம் மழையோடு மழையாகப் போய் ஷெட்டில் பொருத்திவிட்டு வந்தார்கள்.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்தது மாணவர்கள் அல்ல, ஜினிஷாதான். மழை இருட்டில், ஷெட்டுக்குள் ஒரு பல்பு எரிய, அங்கேயே உட்கார்ந்து முந்நூறு என்று எழுதினாள். எபின் என்ற பையன் மட்டும் அன்றைக்கு ஒன்று கேட்டான். வெளிச்சம் எங்கேயிருந்து வந்தாலும் வெளிச்சம்தானே மிஸ் என்றான். ஷெட்டுக்குள்ள எங்கலே வெயிலு என்று அவள் சொன்னாள். மேலே தகரக்கூரை இருந்தது. மேற்கே சுவர் இல்லைதான். ஆனால் அங்கே ரப்பர் மரங்கள் அடர்ந்து பச்சைச் சுவர்போல நின்றன. எபின் இப்போது மஸ்கட்டில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான்.

வராந்தாவில் நின்று செல்லத்தாய்க்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் கையெல்லாம் பாலும் ஆசிட் தண்ணீருமாக இருக்கும், போன் பைக்குள் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்து சத்தியராஜைக் கூப்பிட்டாள். அவர் எடுத்தார். ஷீட் லோடோடு களியக்காவிளையில் நிற்பதாகச் சொன்னார். பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம். மிஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும், அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். செல்லத்தாய் மட்டும்தான், பால் எடுக்கிறவர்கள் காலையிலேயே போய்விடுவார்கள் என்றார். மிஷின் நன்றாகத்தானே ஓடுகிறது டீச்சர், அவள் இப்போதெல்லாம் பயமே இல்லாமல் ஷீட் அடிக்கிறாளே என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷம்தான் ஜினிஷாவை ஓட வைத்தது. வகுப்பைப் பக்கத்து அறை ஆசிரியரிடம் ஒப்படைத்தாளா, சும்மா விட்டுவிட்டு வந்தாளா என்பதுகூட ஸ்கூட்டரை எடுத்த பிறகு அவளுக்கு நினைவில் இல்லை.

பள்ளிக்கூடங்கள் விடுகிற நேரம். வளைவுக்கு வளைவு மஞ்சள் பஸ்கள் நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றபோது மறுபடி செல்லத்தாயைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுக்காததற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்லும்போதே மனம் வேறொன்றைக் காட்டியது. தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த ஆளில்லை.

இன்னொன்றும் நினைத்தாள். அதைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் வெட்கமாக இருந்தது. போய்ச் சேரும்போது ஒன்றும் ஆகியிருக்காவிட்டால், யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புக் குழாயை மாட்டி, போர்டில் நாலு வரியை மாற்றி எழுதிவிட்டு, சும்மா சர்வீஸ் பண்ண வந்தேன் என்று சொல்லிவிடலாம். கல்லூரி முதல்வர் அறையில் அந்தப் பரிசுக் கேடயம் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதில் அவள் பெயர் இருக்கிறது.

திருவட்டாறு தாண்டியதும் தோட்டங்கள் தொடங்கின. அவள் கைகள் ஹேண்டில்பாரில் இறுகின. ஜூலையில் பகலிலேயே இருட்டிக்கிடந்த சாலை இப்போது வெட்டவெளியாகக் கிடந்தது. மழை போய், ஜனவரி வந்து, ரப்பர் மரங்கள் இலை முழுவதையும் கொட்டிவிட்டிருந்தன. இருபக்கமும் நரைத்த கிளைகள். அவற்றுக்கு நடுவில் எங்கே பார்த்தாலும் வெயில். வருடா வருடம் இந்த மாதத்தில் இந்த மரங்கள் மொட்டையாவதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள். மிஷினில் பொருத்திய அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. மழையில் நின்றுகொண்டு ஜனவரியை யார் நினைக்கிறார்கள்.

ரோட்டிலிருந்தே மோட்டார் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு சருகுகளின் மேல் ஓடினாள். ஷெட்டுக்குப் பத்தடி தூரத்தில் கால் தானாக நின்றது.

செல்லத்தாய் ரோலருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடது பக்கத்திலிருந்து வெயில் ஷெட்டின் உள்சுவர்வரை போய், அவளையும் மிஷினையும் கிழக்குத் தூணிலிருந்த கண்ணையும் ஒன்றாக நனைத்திருந்தது. லேசரின் சிவப்புப் புள்ளி இருக்கிற இடமே தெரியவில்லை. வெள்ளைப் பாளத்தின் நுனி ரோலருக்குள் போய்க்கொண்டிருக்க, மடங்கிய ஓரத்தைச் செல்லத்தாய் வலது கை விரல்களால் நீவி நீவி உள்ளே தள்ளினாள். விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு விரற்கடைகூட இல்லை. உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஏதோ பாட்டு.

கத்த வேண்டும்போல் ஜினிஷாவுக்கு இருந்தது. கத்தினால் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் கை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு, மெல்ல, அவள் பார்வையில் படுகிற மாதிரி சுற்றி நடந்தாள். செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பார்வை ஜினிஷாவின்மேல் இருக்க, விரல்கள் தம்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தன.

"என்ன டீச்சரே, இந்த நேரத்துல வந்திருக்கிய? காலேஜ் விட்டாச்சா?"

ஜினிஷா தலையை மட்டும் ஆட்டினாள். சிரிக்க முயன்றாள் என்று நினைக்கிறாள், நிச்சயமாகத் தெரியவில்லை. செல்லத்தாயின் முதுகுக்குப் பின்னால் சுவரிலிருந்த மெயின் சுவிட்சுவரை ஏழெட்டு அடி. அந்த ஏழெட்டு அடியையும் ஓடாமல் நடந்தே கடந்தாள். கைப்பிடியை இழுத்துக் கீழே தள்ளினாள். ரோலர் இன்னும் அரைச் சுற்று சுற்றி, ஒரு முனகலோடு நின்றது. செல்லத்தாயின் விரல்கள் பாளத்தின்மேல் அப்படியே இருந்தன. ஐந்தும் இருந்தன. ஜினிஷா சுவரில் சாய்ந்துகொண்டு அவற்றை எண்ணினாள். இரண்டாம் தடவையும் எண்ணினாள்.

கரண்டு போச்சா என்று செல்லத்தாய் கேட்டாள். இல்லை, நான்தான் நிறுத்தினேன், ஒயரில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று ஜினிஷா சொன்னாள். வழி முழுவதும் ஒத்திகை பார்த்திருந்ததால் அந்தப் பொய் சுலபமாக வந்தது. செல்லத்தாய் நம்பினாள். பாவாடைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வாளியிலிருந்த தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு, டீச்சருக்கு உட்கார ஒரு ஸ்டூலைத் தூக்கிப் போட்டாள். அவளுக்குப் பேச நிறைய இருந்தது. நேற்று மகளும் மருமகனும் ஷெட்டைப் பார்க்க வந்திருந்தார்களாம். கை வைத்தால் மிஷின் நிற்கும் என்று சொன்னால் மருமகன் நம்பவே இல்லையாம்.

"நான் கைய வச்சுக் காட்டினேன். டக்குனு நின்னுட்டு. அவனுக்க முகத்தப் பாக்கணுமே டீச்சரே."

"எத்தன மணிக்கு அக்கா?"

"மத்தியானம். சோறு தின்னு முடிச்சு ரெண்டு மணி இருக்கும். இன்னைக்கு சாயந்தரம் அவனுக்க அம்மையும் வாறா. அவளுக்கும் காட்டிக் குடுக்கணும்."

ஜினிஷா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு வெயில் கூரைக்கு மேலே இருந்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சம்பந்தியம்மாள் வந்து நிற்பாள். செல்லத்தாய் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விடுவாள். தவறி உள்ளே போகிற கை அல்ல, நம்பி நீட்டுகிற கை. ஜூலையில் முதன்முதலாக வைக்கச் சொன்னபோது செல்லத்தாய் மாட்டேன் என்று தலையை ஆட்டி ஆட்டிப் பின்னால் போனாள். அந்த மணிக்கட்டைப் பிடித்து, நான் இருக்கேன், தைரியமா வைங்க அக்கா என்று சொன்னது ஜினிஷா.

கறுப்புக் குழாய், நாலு வரி, சர்வீஸ் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"அக்கா, இது நிக்காது."

செல்லத்தாய்க்குப் புரியவில்லை. ஜினிஷா எழுந்து வெளியே போய், வேலியோரம் கிடந்த மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்பு ஒன்றை எடுத்துவந்தாள். செல்லத்தாயைத் தூரப் போகச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள். ரோலர் சுற்றியது. கம்பை அவள் ரோலரின் வாய்க்கு நேராக, ஒளிக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் நீட்டிப் பிடித்தாள். அசைத்தாள். மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கம்பை விட்டாள். அது சடசடவென்று முறிந்து, மறுபக்கம் நாராகவும் பாலாகவும் வந்து விழுந்தது. ஒரு முழத்துக்குமேல் நீளம் இருந்த கம்பு. அது போன நேரம் ஒரு மூச்சு நேரம்கூட இல்லை.

சுவிட்சை அணைத்துவிட்டு ஜினிஷா சொன்னாள். லேசரையும் சூரியனையும் பிரித்துப் பார்க்க அந்தக் கண்ணுக்குத் தெரியாது, வெயில் விழுந்தால் கையே இல்லை என்று நினைத்துக்கொள்ளும், இலை உதிர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அது அப்படித்தான் இருந்திருக்கும், அது தன்னுடைய தப்பு, பையன்கள் தப்பு இல்லை என்று. பாடம் எடுக்கிற குரலில் தொடங்கியது பாதியிலேயே உடைந்துவிட்டது.

செல்லத்தாய் நசுங்கிய கம்பைக் குனிந்து எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள். குட்டையான அந்த இரண்டு விரல்கள் மற்றக் கையின்மேல் படிந்திருந்தன. தன்னைத் திட்டுவாள் என்று ஜினிஷா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"விரலு போனதுக்கப்புறம் எனக்குப் பயமும் பேடியும் உண்டு டீச்சரே" என்றாள் செல்லத்தாய் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "ஒரு கோல வச்சுதான் தள்ளுவேன். மொதலாளி ஏசுவாரு, மெல்லப் போவுதுன்னு. ஏசிட்டுப் போட்டும்னு இருப்பேன். நீங்க வந்துதான் பேடிக்காண்டாம்னு சொன்னிய. அந்தக் கோல நான் அடுப்புல வச்சேன்."

ஜினிஷா ஸ்டூலைக் கிழக்குத் தூணுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

பையிலிருந்து திருப்புளியை எடுத்து லேசரையும் கண்ணையும் தூண்களிலிருந்து கழற்றத் தொடங்கினாள். பாதியில் சத்தியராஜ் போனில் கூப்பிட்டார். சொன்னாள். மேற்குப் பக்கம் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்டார். இன்றைக்கு அது போதும் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. சாக்கு கிழியும், காற்றில் விலகும், எதிரே தகரத்தில் பட்டு வெளிச்சம் திரும்பும், இன்னும் தான் நினைத்தே பார்க்காத ஒன்று வரும். வேண்டாம், கழற்றிவிட்டேன் என்றாள். அப்படியானால் மிச்சம் கிடக்கும் பாளங்கள் இறுகி வீணாகிவிடுமே, செல்லத்தாயிடம் மெல்ல அடிக்கச் சொல்லுங்கள் என்றுவிட்டு அவர் போனை வைத்தார்.

கழற்றிய போர்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வேறொன்று அவளைப் பிடித்தது. கண்காட்சியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள். அருமனைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சர்க்யூட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கேட்டவர்களுக்கெல்லாம் வரைபடத்தைக் காப்பி எடுத்துக் கொடுக்கும்படி மாணவர்களிடம் சொன்னதே அவள்தான், நல்ல காரியம் என்று. யார் யார் என்று ஒரு தாளிலும் எழுதி வைக்கவில்லை. இந்த நேரத்தில் எங்கேயோ, பெயர் தெரியாத ஒரு ஷெட்டில், இதே வெயில் இறங்கிக்கொண்டிருக்கலாம். நாளைக்கு முதல்வரிடம் சொல்ல வேண்டும், பத்திரிகையில் போட வேண்டும், தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும் என்று யோசித்தாள். அதற்குள் இன்றைக்கே ஏதாவது ஆகிவிடாமல் தடுக்க ஒரு வழியும் தெரியவில்லை.

செல்லத்தாய் எழுந்து மிஷினுக்குப் பக்கத்தில் போனாள். ஒரு பாளத்தைத் தூக்கினாள், ரோலர்வரை கொண்டுபோனாள். மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டாள். இரண்டாம் முறையும் அப்படித்தான். மோட்டார் வருவதற்கு முன்னால் கையால் சுற்றிய மிஷின் அது. பக்கவாட்டில் பெரிய சக்கரமும் கைப்பிடியும் இன்னும் இருந்தன. செல்லத்தாய் மோட்டார் பெல்ட்டைத் தள்ளிக் கழற்றிவிட்டு, அந்தக் கைப்பிடியைக் காட்டினாள்.

"சுத்துவியளா?"

ஜினிஷா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முழு உடம்பையும் கொடுத்த பிறகுதான் சக்கரம் அசைந்தது. செல்லத்தாய் பாளத்தின் நுனியைக் கொடுத்தாள். ரோலர் அதைக் கவ்வி, மெல்ல மெல்ல உள்ளே இழுத்தது. ஜினிஷா சக்கரத்தைப் பார்க்கவில்லை, வெளியே போகிற ஷீட்டையும் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அந்த ஐந்து விரல்களைத்தான். அவை ஓரத்தைச் சரிசெய்ய ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும் அவளுடைய கை தானாக நின்றுவிட்டது.

"இன்னும் தூரம் உண்டு. சுத்துங்க."

சுற்றினாள். மறுபடி விரல்கள் வந்தன, மறுபடி நின்றாள். இந்தத் தடவை செல்லத்தாய் சுற்றச் சொல்லவில்லை. அவளும் தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி போன பாளத்திலிருந்து வெள்ளைத் தண்ணீர் பிழிந்து, ரோலரின் அடியில் துளித்துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.